பற்றறியைப் பார்த்தால் சென்சர் காணாமல் போகுது

வயர் இல்லாத சென்சர் ஒன்று செத்துப்போனால் பெரிய பிரச்சினை இல்லை. திரை வெறுமையாகும், யாராவது கவனிப்பார்கள். காலையில் சொன்ன இலக்கத்தையே பின்னேரம் வரைக்கும் அது காட்டிக்கொண்டிருந்தால்தான் தொல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மச்சானின் கோழிப் பண்ணையில் அதுதான் நடந்தது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்து நடுப்பகல். தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற மனிசனுக்கே மூச்சு முட்டுகிறது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பெட்டியோடு இணைத்த திரையோ 28.6 பாகை என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஃபேன்கள் ஓடவில்லை. அவற்றை ஓடச் சொல்ல வேண்டிய நிரல் அந்த 28.6ஐ நம்பிக்கொண்டிருந்தது.

"சென்சர் பழுது மச்சான். வேற வாங்குவம்" என்றான் அவன். சென்சரை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னுடைய போனில் பார்த்தேன், சரியாகவே வேலை செய்தது. பண்ணையின் சோலர் பற்றறியைக் கண்காணிக்கிற மென்பொருளும் தனியாக ஓடவிட்டால் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஒன்றாக ஓடவிட்டால்தான் குழப்பம். சில நாள் சென்சர் உறையும், சில நாள் பற்றறியின் விபரம் வராது, சில நாள் இரண்டும் ஒழுங்காக இருந்து எங்களைப் பைத்தியக்காரர் ஆக்கும். சோலரும் லித்தியமும் எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வந்துகொண்டிருக்கிற காலம் இது. இதே சிக்கலில் வேறு பலரும் மாட்டியிருப்பார்கள், பொருளை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒரு கோழிப் பண்ணைக்கு ஏன் இந்த ஆரவாரம் என்று கேட்பவர்களுக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் இல்லாமல் இருந்தோம். ஜெனரேற்றருக்கு டீசல் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது. பிறகு 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டுப்பட்டதில் முழு நாட்டுக்கும் கறண்ட் போனது. "பாணந்துறையில குரங்கு பாய்ஞ்சா படுவான்கரையில எண்ட கோழி சாகணுமா?" என்று மச்சான் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வளர்ந்த புரொயிலர் கோழிக்கு வெக்கை ஆகாது. அதற்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூசித்தான் சூட்டை வெளியே விடும். காற்றோட்டம் நின்றால் ஒரு பகல் போதும். ஆகவே சோலர் தகடு, இன்வேர்ட்டர், லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றறி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இந்தப் பற்றறியில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ஈய அமிலப் பற்றறியில் வோல்ட் மீற்றரை வைத்துப் பார்த்தாலே ஓரளவு நிலைமை தெரியும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் கலம் அப்படி அல்ல. நிறைந்ததற்கும் வெறுமையானதற்கும் இடைப்பட்ட பெரும்பகுதி நேரமும் அது 3.2, 3.3 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். பிறகு கடைசியில் சடாரென்று விழும். ஆகவே உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கணக்கு வைத்துத்தான் எத்தனை வீதம் மிச்சம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை வைத்திருப்பது பற்றறிக்குள் இருக்கும் பி.எம்.எஸ் என்ற பலகை. மச்சானின் பற்றறியில் 16 கலங்கள் தொடராக, மொத்தம் 51.2 வோல்ட். ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டையும் அந்தப் பலகைக்குத் தெரியும். கேட்டால் புளூடூத்தில் சொல்லும். கேட்பதற்குத்தான் ராஸ்பெரி பையில் ஒரு மென்பொருள். அதே ராஸ்பெரி பையில்தான் கொட்டிலில் தொங்கும் வெப்பநிலை, ஈரப்பதன் சென்சர்களைக் கேட்கும் நிரலும்.

இரண்டும் "புளூடூத்தில் கேட்கின்றன" என்று ஒரே வாயால் சொல்லிவிட்டோம். அங்கேதான் கோளாறு ஒளிந்திருக்கிறது. இரண்டும் கேட்கிற விதம் முற்றிலும் வேறு.

2010இல் வந்த புளூடூத் 4.0 தரத்தோடுதான் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை அறிமுகமானது. இப்படிப்பட்ட சென்சரும் பி.எம்.எஸ்ஸும் பாவிப்பது பெரும்பாலும் அந்த வகையை. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையை அது 40 அலைவரிசைகளாகப் பிரிக்கிறது. அதில் 37, 38, 39 என்ற மூன்றும் அறிவிப்புக்கு. அவை 2402, 2426, 2480 மெகாஹேர்ட்ஸில் இருக்கின்றன. வைஃபையில் எல்லாரும் வைக்கிற 1, 6, 11ஆம் அலைவரிசைகளின் நடுவில் மாட்டுப்படாமல் ஓரங்களிலும் இடைவெளிகளிலும் தள்ளி வைத்திருக்கிறார்கள். எங்கள் சென்சர் செய்வதெல்லாம் இவ்வளவுதான்: சில செக்கனுக்கு ஒருமுறை விழித்து, இந்த மூன்று அலைவரிசைகளிலும் "31.2 பாகை, ஈரப்பதன் 70 வீதம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உறங்கிவிடும். யார் கேட்டார்கள், கேட்டார்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. யாரோடும் அது இணைவதில்லை. அதனால்தான் ஒரு சின்னப் பொத்தான் பற்றறியில் மாதக்கணக்கில் ஓடுகிறது.

பி.எம்.எஸ் அப்படி அல்ல. அதனோடு இணைய வேண்டும். இணைந்த பிறகு ஒரு கட்டளையை அனுப்பினால் பதில் துண்டு துண்டாக வரும். சாதாரணமாக ஒரு பொதியில் 20 பைட்தான் கொள்ளும் என்பதால் 16 கலங்களின் வோல்ட்டை ஒரே தடவையில் அனுப்ப முடியாது, துண்டுகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் பாதிப் பதில் கையில் நிற்கும். கவனமில்லாமல் எழுதிய நிரல் அந்தப் பாதியை முழுப்பதில் என்று நம்பி ஒரு கலத்தின் வோல்ட்டைப் பூச்சியம் என்று காட்டும். அப்படி ஒரு பூச்சியத்தைப் பார்த்து மச்சான் இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் எடுத்த கதையும் உண்டு.

இப்போது இரண்டையும் ராஸ்பெரி பையில் உள்ள ஒரே வானலைச் சில்லிடம் (chip) ஒப்படைக்கிறோம். சென்சருக்காக அது அறிவிப்பு அலைவரிசைகளில் காதை வைத்திருக்க வேண்டும், இதைத்தான் வருடல் (scan) என்பது. பி.எம்.எஸ்ஸுக்காகக் குறித்த நேரத்துக்குக் குறித்த அலைவரிசைக்குத் தாவிப் போய்ப் பேச வேண்டும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்க முதல் வாவியைக் கடந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பாதை அந்தக் கரையில் நிற்கும்போது இந்தக் கரையில் எத்தனை பேர் நின்று கூப்பிட்டாலும் பயன் இல்லை. சென்சருக்கோ துறையில் நின்று காத்திருக்கிற பழக்கமும் இல்லை. கூப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

இதோடு ராஸ்பெரி பை 4இல் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் ஒரே அன்டெனாவைப் பங்கிடுகின்றன. வைஃபையை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைத்தால் மூன்றாவது ஆளும் அதே பாதைக்கு வந்துவிடும். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினேன், கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஆனால் அது நோயின் வேர் அல்ல. சில்லு நேரத்தைப் பங்கிடுவதால் ஒன்றிரண்டு அறிவிப்புகள் தவறலாம், அவ்வளவுதான். ஐந்தில் ஒன்று கேட்டாலும் கோழிக்குப் போதும். காலை முழுதும் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றால் காரணம் வானலையில் இல்லை, மென்பொருளில்.

லினக்ஸில் புளூடூத்தைக் கவனிப்பது புளூஸ் என்ற தொகுப்பு. அதில் பின்னணியில் ஓடும் பொறுப்பாளர் நிரல் ஒன்று உண்டு. ஒழுங்கான மென்பொருள் "எனக்கு வருடல் வேண்டும்", "எனக்கு இந்த முகவரியோடு இணைப்பு வேண்டும்" என்று அதனிடம் விண்ணப்பிக்கும். பலர் கேட்டால் அது சேர்த்துச் சமாளிக்கும். முடியாவிட்டால், ஏற்கெனவே ஒரு வேலை நடக்கிறது என்ற பிழைச்செய்தியைத் தரும். ஒழுங்கில்லாத வழியும் ஒன்று உண்டு. பொறுப்பாளரைக் கேட்காமல் நேரே சில்லுக்கே கட்டளை அனுப்புவது. பழைய பைதன் நூலகங்கள் சில இந்த வழியில்தான் போகும். சென்சருக்கென்று நான் எடுத்த நிரல் அந்த வகை. பற்றறி மென்பொருள் ஒழுங்கான வகை. ஒன்று வருடலைத் தொடக்கிவிட்டிருக்கும், மற்றது வந்து வருடலின் அமைப்பை மாற்றப் பார்க்கும், வருடல் நடக்கும்போது மாற்ற முடியாது என்று சில்லு கட்டளையை நிராகரிக்கும். நிராகரித்த செய்தி யாருடைய லொக்கில் (நிரல் தன் வேலையை எழுதிவைக்கும் பதிவில்) விழுகிறது என்பதைப் பொறுத்து, குற்றவாளியும் மாறுவான்.

இன்னொரு நுணுக்கம். வருடலைத் தொடக்கும்போது "ஒரே கருவி திரும்பத் திரும்ப அறிவித்தால் எனக்குச் சொல்லாதே" என்று சில்லுக்குச் சொல்ல ஒரு தெரிவு உண்டு. புதுக் கருவிகளைத் தேடுபவருக்கு அது வசதி. சென்சர் கேட்பவருக்கு அது விஷம். முகவரியை மட்டும் பார்க்கிற சில்லு, உள்ளே இருக்கும் பாகை மாறியதைக் கவனிக்காமல் "இதைத்தான் முதலே சொல்லிவிட்டேனே" என்று விட்டுவிடும். ஒரு மென்பொருள் இந்த வடிகட்டியைப் போட்டு வருடலைத் தொடக்கினால், அதே வருடலை நம்பியிருக்கும் மற்றதும் பட்டினி. இலக்கம் உறைவதைக் கண்டதும் நான் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான். அது பாதிக் காரணமாகவும் இருந்தது.

இணையத்தில் கேட்டால் எல்லாருடைய பதிலும் ஒன்று: ரீஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணினால் சரியாகும், ஓம். அதுதான் அதிலுள்ள கெடுதல். சரியானதும் தடயம் எல்லாம் அழிந்துவிடும், அடுத்த கிழமை திரும்ப வரும். பழுது கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அதைத் தொடாமல் பார்க்கிற பொறுமைதான் இந்த வேலைக்கு முக்கால்வாசி.

அப்படிப் பார்ப்பதற்குப் பிடிமொன் (btmon) என்ற கருவி புளூஸோடு வருகிறது. கணினிக்கும் புளூடூத் சில்லுக்கும் இடையில் போகிற வருகிற ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு எழுதும். யார் எந்த வழியால் வந்தாலும் அதற்குத் தப்ப முடியாது. அதை இரவு முழுக்க ஓடவிட்டு, பற்றறி மென்பொருளின் லொக்கையும் சென்சர் நிரலின் லொக்கையும் பக்கத்தில் வைத்து, நேரத்தைப் பொருத்திப் பார்த்தேன். மூன்று கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பதிந்தது நல்லதாகப் போயிற்று.

கண்டது இது. சென்சர் நிரல் வருடிக்கொண்டிருக்கிறது, அறிவிப்புகள் ஒழுங்காக வருகின்றன. பற்றறி மென்பொருள் பி.எம்.எஸ்ஸோடு இணையக் கட்டளை கொடுக்கிறது. பதில் இல்லை. கட்டளையை இரத்துச் செய்கிறது. திரும்பக் கொடுக்கிறது, பதில் இல்லை. சில தடவை இப்படித் தோற்ற பிறகு, அதை எழுதியவர் நல்ல எண்ணத்தோடு வைத்த ஒரு வரி ஓடுகிறது: புளூடூத்தை முழுதாக நிறுத்தித் திரும்பப் போடு. சில்லுக்கு மீளமைப்புக் கட்டளை போகிறது. சில்லு எல்லாவற்றையும் மறக்கிறது, சென்சர் நிரல் தொடக்கிவிட்ட வருடலையும் சேர்த்து. அந்த செக்கனில் இருந்து ஒரு அறிவிப்பும் இல்லை. சென்சர் நிரலுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அது கடைசியாகக் கேட்ட 28.6ஐக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது.

சென்சர் உறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பி.எம்.எஸ் ஏன் பதில் சொல்லவில்லை? ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கிற பலகை. சில நாள் கேட்ட உடனே இணைகிறது, சில நாள் இல்லை.

தோல்விகள் எந்த நேரத்தில் என்று வரிசைப்படுத்தினேன். விடிய ஐந்தரைக்குப் பிறகு தொடங்கும். பகலில் விட்டு விட்டு. இரவில் மிகக் குறைவு. வெக்கையால் என்று சொல்லலாம் என்றால் விடியற்காலையில் என்ன வெக்கை? மச்சான் ஒரு கலியாண வீட்டுக்குக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் ஒரு தோல்விகூட இல்லை. இந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழுது மச்சானோடு பயணம் போகிறது.

பி.எம்.எஸ்ஸோடு வந்த ஆப் ஒன்று அவனுடைய போனில் இருக்கிறது. பச்சை நிறத்தில் பற்றறிப் படம், நடுவில் வீதம். எழும்பியதும் பிளேன்டீ குடிக்க முதல் அதைத்தான் திறப்பான். வீட்டின் பின்னறையில்தான் பற்றறி, சுவருக்கு இந்தப் பக்கம் அவனுடைய கட்டில். இந்த வகைப் பி.எம்.எஸ் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் இணையும். இணைந்திருக்கும் வரைக்கும் தன்னை அறிவிப்பதையும் நிறுத்திவிடும். ஆகவே ராஸ்பெரி பையின் பார்வையில் பற்றறியே அறையில் இல்லை. ஆப்பை மூடினாலும் அது பின்னணியில் இணைப்பை விடாமல் வைத்திருக்கும். கொட்டில் பக்கம் நடந்து தூரம் போனால் அறும், தேத்தண்ணிக்குத் திரும்ப வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நான் பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து "இஞ்ச பார் மச்சான், போனில நல்லாத்தானே காட்டுது" என்று காட்டுவான். போனில் காட்டியதால்தான் மற்றதில் காட்டவில்லை.

உறுதி செய்வது சுலபம். போனில் புளூடூத்தை நிறுத்தச் சொன்னேன். சில செக்கனில் வருடல் பட்டியலில் பி.எம்.எஸ் வந்தது. போடச் சொல்லி ஆப்பைத் திறக்கச் சொன்னேன். பட்டியலில் இருந்து மறைந்தது. மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப உண்ட போனாலயா மனே கோழிக்கு இந்தப் பாடு?" என்று கேட்டா. மச்சான் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இதே சந்தேகம் இருந்தால் வேறு எதையும் தொட முதல் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாப் போனையும், பற்றறி பூட்ட வந்தவர் ஆப்பைப் போட்டுக் காட்டிவிட்டு மறந்துபோன பழைய ரெப்லெற்றையும் சேர்த்து.

இனித் தீர்வு. ஆப்பை அழிக்கச் சொன்னால் போதுமே என்று தோன்றும். போதாது. போன் ஒரு காரணம்தான். நாளைக்கு வேறொரு காரணத்தால் பி.எம்.எஸ் பதில் சொல்லாமல் விட்டால் அதே மீளமைப்பு, அதே உறைவு. ஆகவே முதலில் பற்றறி மென்பொருளின் அமைப்பில் அந்த நிறுத்திப் போடும் வேலையை முடக்கினேன். எல்லா மென்பொருளிலும் அதற்குத் தெரிவு இராது. இல்லாவிட்டால் நிரலில் அந்த வரியைத் தேடிப்பிடிக்க வேண்டும். பிறகு சென்சர் நிரலைத் திருத்தி, பொறுப்பாளர் வழியாகப் போகிற பிளீக் என்ற பைதன் நூலகத்துக்கு மாற்றினேன்.

அடுத்தது, வானலையைப் பிரிப்பது. யூ.எஸ்.பி புளூடூத் டொங்கிள் ஒன்று வாங்கி, பி.எம்.எஸ்ஸுக்கு ஒன்று, சென்சருக்கு ஒன்று என்று இரண்டு சில்லுகள். காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகிற கடை நானா இரண்டை எடுத்து வைத்து, "தம்பி, இது மலிவு, ஆனா லினக்ஸ் எண்டா இதை எடுக்காதீங்க" என்றார். அந்தக் கடையில் அந்தப் பதில் கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். மலிவான டொங்கிள் பலவற்றில் பெயர்பெற்ற சில்லு ஒன்றின் போலிதான் இருக்கும். லினக்ஸ் கருநிரலிலேயே அந்தப் போலிகளைக் கண்டுபிடித்துச் சமாளிக்கத் தனியாக வரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு சில்லு வைப்பவர்கள் இரண்டு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் எது பூச்சியமாவது, எது முதலாவது என்ற இலக்கம் மாறலாம். ஆகவே மென்பொருளில் இலக்கத்தைக் கொடுக்காமல் சில்லின் முகவரியைக் கொடுங்கள். மற்றது, யூ.எஸ்.பி 3 வேகத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் போடும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. நீல நிறத் துளைக்குப் பக்கத்தில் டொங்கிளைச் செருகிவிட்டு சென்சர் பலவீனம் என்று குறைசொல்வதில் பயனில்லை. அரை மீற்றர் நீட்சி வயர் ஒன்றில் டொங்கிளைத் தள்ளி வையுங்கள்.

இவ்வளவும் செய்து நன்றாகவே ஓடியது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பற்றறியும் ராஸ்பெரி பையும் ஒரே அறையில், ஒரே சுவரில். இரண்டும் நகரப்போவதில்லை. இதற்கு எதற்கு வானலை? கொட்டிலில் தொங்குகிற சென்சருக்கு வயர் இழுக்க முடியாது. இழுத்தாலும் எலி விடாது. அதற்குப் புளூடூத் சரி. பற்றறிக்கு வயர்தான் சரி. விளம்பரத்தில் புளூடூத் என்று போட்டிருப்பதற்காக அதைப் பாவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெரும்பாலான பி.எம்.எஸ்ஸில் தொடர்முறைத் தரவுக்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். சிலவற்றில் புளூடூத் துண்டு செருகியிருப்பதே அந்தத் துளையில்தான். அதைக் கழற்றிவிட்டு வயரைப் போட வேண்டும். கழற்றினால் போன் ஆப்பும் தானாக நின்றுவிடும்.

வயர் என்றதும் ஓர் எச்சரிக்கை. இதை மட்டும் வாசிக்காமல் கடந்து போக வேண்டாம். பொதுவான இவ்வகைப் பி.எம்.எஸ் பற்றறியின் மின்னோட்டத்தை வெட்டும்போது எதிர்முனை (மைனஸ்) பக்கத்தைத்தான் வெட்டும். அதன் தரவுத் துளையின் நிலம் (ground) பற்றறியின் உள் எதிர்முனையோடு இணைந்தது. உங்கள் ராஸ்பெரி பை அதே பற்றறியின் வெளி எதிர்முனையில் இருந்து வோல்ட்டைக் குறைக்கும் மாற்றி ஒன்றின் ஊடாகக் கறண்ட் எடுக்கிறது என்று வைப்போம். சாதாரண யூ.எஸ்.பி வயர் போட்டால், பி.எம்.எஸ் வெட்டுகிற அந்தக் கணத்தில், வெட்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் உங்கள் மெல்லிய தரவு வயரால் திரும்ப வழி கண்டுபிடிக்கும். 51 வோல்ட் பற்றறி. வயர் கருகும், பலகை போகும், பக்கத்தில் வைக்கோலோ உமியோ இருந்தால் அதோடு நிற்காது. ஆகவே தரவு வயருக்கு மின்தனிமைப்படுத்திய யூ.எஸ்.பி மாற்றிதான் வாங்க வேண்டும். உள்ளே ஒளியாலோ காந்தத்தாலோ தரவு மட்டும் கடக்கும், கறண்ட் கடக்காது. விலை கூடத்தான். மச்சான் வழக்கம்போல முணுமுணுத்தான், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது பற்றறி வயரில், சென்சர்கள் புளூடூத்தில். சென்சர் நிரல் ஒருவழிக் கேட்பு மட்டும் செய்கிறது. வருடும்போது "உன்னிடம் மேலதிக விபரம் உண்டா" என்று சென்சரைத் திருப்பிக் கேட்கிற வகையும் உண்டு. அது சென்சரின் பொத்தான் பற்றறியையும் தின்னும். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அறிவிப்பிலேயே இருப்பதால் அந்தக் கேள்வி தேவையில்லை.

திரையிலும் ஒரு மாற்றம். ஒவ்வொரு பாகைக்கும் பக்கத்தில் "எத்தனை செக்கனுக்கு முதல் கேட்டது" என்று இன்னொரு இலக்கம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பாகையையே அழித்துவிடும். வயது தெரியாத அளவீட்டைத் திரையில் காட்டுகிற எந்த மென்பொருளையும் நான் இனி நம்பப்போவதில்லை, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். ஃபேனுக்கும் விதி மாறியது. முன்பு 30 பாகைக்கு மேல் என்றால் ஓடு என்று இருந்தது. இப்போது 30க்கு மேல் என்றாலும் ஓடு, ஒன்றும் தெரியாவிட்டாலும் ஓடு. வீணாக ஓடினால் கொஞ்சம் பற்றறிதான் போகும். புதுக் குஞ்சு இறக்கும் முதல் நாட்களில் மட்டும் இந்த இரண்டாவது விதியை நிறுத்திவிடுகிறோம். அப்போது அவற்றுக்குத் தேவை சூடு, 32, 33 பாகை. தெரியாத நேரத்தில் காற்றடித்தால் குஞ்சு விறைத்துவிடும்.

தூரத்து மூலையில் தொங்கும் சென்சர் மட்டும் இன்னும் பிந்திப் பிந்தித்தான் கேட்கிறது. அதற்கும் பற்றறி அறைக்கும் நடுவில் தண்ணீர்த் தாங்கி. 2.4 கிகாஹேர்ட்ஸைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும், பின்னால் தகரச் சுவர் வேறு. தாங்கியைத் தள்ளி வைக்கச் சொன்னேன், அடுத்த தொகுதிக் கோழி போனபிறகு பார்ப்போம் என்கிறான். மச்சானின் போனில் இப்போது வைஃபை வழியாக ராஸ்பெரி பையின் பக்கம் திறக்கிறது. பதினாறு கலமும், கொட்டிலின் பாகையும், வயதும் எல்லாம் ஒரே இடத்தில். அவனுக்கு அதில் ஒரே ஒரு குறை. அந்தப் பச்சைப் பற்றறிப் படம் இல்லையாம். உயர்தரம் படிக்கிற மகளிடம் கீறித் தரச் சொல்லியிருக்கிறான், அவளுக்குச் சோதனை முடிய வேணுமாம்.